பிடிவாதக்கார மெஷின்

வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனிக்குப் புது நிட்டிங் மெஷின் வந்து இறங்கியது. இரண்டரை டன். கிரேன் அதை வாசலுக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து அது நிற்க வேண்டிய இடம்வரை, உருட்டிக்கொண்டு போக இரும்புக் குழாய்களைப் பரப்பியிருந்தோம்.

மருமகளின் அப்பா மகுடேஸ்வரன் பார்க்க வந்திருந்தார். "எங்க கம்பெனி ஆளுகளை வரச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. எங்க ஊட்டு மெஷினை எங்க ஊட்டு ஆளுகளே கொண்டு போவாங்க."

சொல்லிவிட்டேன். இனி அது நடந்தாக வேண்டும். இல்லையென்றால் சம்பந்தி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

என் மகன் சுரேந்தரும் தம்பி மக்கள் மூவரும் தோள் கொடுத்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. மெஷின் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மாப்பிள்ளை காலையில சாப்பிடலீங்களா?" என்றார் சம்பந்தி.

நான் எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டு, "தள்ளுங்கடா!" என்று சத்தம் போட்டேன்.

அசைந்தது. ஒரு விரற்கடை, பிறகு ஒரு முழம். அப்புறம் நடந்ததை என் ஆயுசில் கண்டதில்லை. நான்கு பேரை மதிக்காத பாரம் ஒற்றைக் கைக்கு வந்தது. தெப்பம் மிதந்து வருவதுபோல வந்தது. சுரேந்தர் கையை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். ரசமட்டம் வைத்துப் போட்ட தரை, துளிச் சரிவு கிடையாது. அப்போதும் வந்தது.

"பிடிங்கடா!"

பிடித்தார்கள். கால்கள் வழுக்க, நால்வரையும் இழுத்துக்கொண்டு வந்தது. அசைய மாட்டேன் என்ற அதே பிடிவாதம்தான் இப்போது நிற்க மாட்டேன் என்கிறது என்று எனக்கு விளங்கியது. உடம்பு சிலிர்த்தது. ஆனால் நான் யாருக்கும் ஒதுங்கிப் பழகியவன் அல்ல. சம்பந்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் சுவர்.

"மாமா, வெலகுங்க!" மருமகள் தேஜஸ்ரீ அலறினாள்.

விலகினேன். நான் நின்ற இடத்துக்கு அவள் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளை உருட்டிவிட்டாள். பனியன் துணி அமுங்கி, அமுங்கி, அத்தனை வேகத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டது. ஓர் ஊசிகூட முறியவில்லை.

இரும்பின்மேல் கை வைத்தேன். எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று தெரியவில்லை.

சம்பந்தி சிரித்தபடி வந்தார். "ஏனுங்க, நீங்களே ஒதுங்கிட்டீங்க?"

"எங்க ஊட்டுச் சொத்து உள்ள வருதுங்க. வழி விட வேண்டாமுங்களா?"

அவர் தோளை வைத்து மெஷினை ஒருமுறை தள்ளிப் பார்த்தார்.

அது அசையவில்லை.