கடையோடு சரி

கடைக்குள் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு அமுதவள்ளி பாதிப் படியில் நின்றாள்.

கணவர் நாகையாவைக் கொண்டுவரும் வேன் ஆஸ்பத்திரியை விட்டு இன்னும் கிளம்பவில்லை. காலையில் குளிக்கப் போனவர் பாத்ரூமிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோதே மூச்சு இல்லை. மகள் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மாடி வீட்டுக்குப் படி குறுகல், உடலை ஏற்ற முடியாது என்று கீழே கடையின் முன்பகுதியை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். ஒதுக்கியவர்கள் எல்லோரும் வெளியே கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் உள்ளே யார்?

முட்டியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளையும் இறங்கினாள். கணவரின் மேசைக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தான் சுகுமாறன்.

நாகையாவின் தம்பி. அவள் சொல்லி அனுப்பவில்லை. யார் சொன்னார்களோ, பக்கத்து ஊரான ஷா ஆலமிலிருந்து முதல் ஆளாக வந்து நின்றான். ஐந்து வருடத்துக்கு முன், மாமியார் இறந்த அன்று, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், "அண்ணி ஒழுங்காப் பாத்திருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்" என்று சொன்னவன். படுக்கையில் கிடந்த மாமியாரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டவள் அவள். காரியம் முடிந்த கையோடு நாகையாவிடம் சொல்லிவிட்டாள்: "இனிமே உங்க தம்பி என் வீட்டுப் படி ஏறக்கூடாது." அவர் "சரி" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

"என்ன பண்றீங்க?"

சுகுமாறன் திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை மேசையில் இடித்தது.

"அண்ணன் தலைமாட்டுல வைக்கப் போட்டோ பிரிண்ட் பண்ணணும் அண்ணி. ஞாயித்துக்கிழமைலா, ஸ்டூடியோ ஒண்ணும் தொறக்கல."

"அதுக்கு எதுக்கு வயரைப் புடுங்குறீங்க?"

"கம்ப்யூட்டர்லேருந்து கழட்டி வைஃபைல போடுறேன். அப்பறம் போன்லேருந்தே பிரிண்ட் ஆகும்."

கார்களுக்கு ரோட்டேக்ஸ் என்னும் சாலை வரி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் கடை அது. கிள்ளானில் பாதிப் பேருடைய கார் நம்பரும் போன் நம்பரும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. நாகையா கண்ணை மூடி அரை நாள் ஆகவில்லை. அதற்குள் கடையில் கை வைக்கிறானா? வெளியே போகச் சொன்னால் ரகளையாகும். வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

பிளாஸ்டிக் பையிலிருந்து சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தான். பிரிண்டரின் வயரை அதில் சொருகினான். ஸ்டூடியோ திறக்காத காலையில் இந்த டப்பா மட்டும் எந்தக் கடையில் கிடைத்தது? முன்பே வாங்கி வைத்திருக்கிறான். அண்ணன் சாவதற்கு முன்பே.

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகே இழுத்தாள்.

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே சுவிட்சைத் தட்டினான். அந்த சுவிட்சைத் தேட அவளே ஃபைல்களை நகர்த்த வேண்டியிருக்கும்.

பக்கத்துத் தையல் கடை தனலெட்சுமி தட்டில் கோப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். அமுதவள்ளிக்கு ஒன்று கொடுத்துவிட்டு, இன்னொன்றை அவன் பக்கம் நீட்டினாள்.

"உங்களுக்கு சீனி போடலண்ணே."

சொன்ன பிறகுதான் அமுதவள்ளியின் முகத்தைப் பார்த்தாள். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

டப்பாவில் சிவப்பு விளக்கு மினுங்கியது. சுகுமாறன் போனில் ஒற்றை விரலால் எதையோ தட்டினான். எங்கும் நிறுத்தி யோசிக்கவில்லை. விளக்கு பச்சையானது.

"பாஸ்வர்ட் யாரு சொன்னா?"

நாகையா வாடிக்கையாளர்கள் கெஞ்சினாலும் அதைக் கொடுக்கமாட்டார்.

அவன் போனைக் கீழே வைத்தான். "அண்ணன்தான்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை வருவேன் அண்ணி. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு. நீங்க கோயிலுக்குப் போற நேரம்."

"எவ்வளவு நாளா?"

"அம்மாவோட வருஷத் திதி முடிஞ்சதுலேருந்து."

செவ்வாய்க்கிழமைகளில் அவள் திருநீறோடு திரும்பும்போது நாகையா இதே மேசையில் இருப்பார். நெற்றியை நீட்டிக் காட்டுவார். கூட்டமா என்று கேட்பார். முகத்தில் எதுவும் இருந்ததில்லை.

"இந்த டப்பா?"

"அவர்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு. பிரிண்டரை மேல வச்சிடணும், பிரிண்ட் எடுக்க அவளால எறங்கி ஏற முடியல, கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவான்னாரு. வயர் இருந்தா மேல கொண்டு போக முடியாதுலா. போன வாரம் ஒண்ணு கொண்டாந்தேன், கனெக்ட் ஆகல. வேற வாங்கி கார்லயே வச்சிருந்தேன், வர்ற செவ்வாய்க்கு..."

"நல்லாக் கதை சொல்றீங்க. அப்ப மேலயும் வந்து போயிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

"இல்ல அண்ணி." அவன் குரல் சட்டென்று உயர்ந்தது. "அந்தப் படிகிட்டகூட விடமாட்டாரு. ஒரு நாள் அவசரமா பாத்ரூம் போகணும்னு கேட்டேன். எதிர்ல மாமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போயிட்டு வாடான்னாரு. மேல அவ வீடு, உனக்குக் கடையோட சரின்னாரு."

அவள் படியைத் திரும்பிப் பார்த்தாள். கோப்பியில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. பிரிண்டர் ஒருமுறை முனகி, நிறுத்தி, பிறகு தாளை மெல்ல வெளியே தள்ளியது.

முதலில் முடி வந்தது, பிறகு நெற்றி. நாகையா இதே நாற்காலியில் சாய்ந்து, படம் எடுப்பவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கோப்பிக்கொட்டை நிறச் சட்டை. போன திங்கள் இரவு அவள் இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியது. நெற்றியில் இன்னும் திருநீறு இல்லை.

தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

கூடாரம் கட்டியவர்களில் சிலர் உள்ளே வந்தார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, "படம் நல்லா இருக்கே, எப்ப எடுத்தது?" என்றார். தனலெட்சுமி தரையைப் பார்த்தாள். சுகுமாறன் வயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

"போன செவ்வாய்க்கிழமை" என்றாள் அமுதவள்ளி. "தம்பி வந்திருந்தாரு, அப்ப எடுத்தது."

வெளியே வேன் பின்பக்கமாக வரும் ஒலி கேட்டது. எல்லோரும் வாசலுக்கு நகர்ந்தார்கள். வேட்டி எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவள் எழ முயன்றாள். முட்டி விடவில்லை.

"தம்பி, மேல ரூம் அலமாரியில பட்டு வேட்டி இருக்கு. எடுத்துட்டு வாங்க."

சுகுமாறன் அசையாமல் நின்றான். பிறகு படியருகே போய்ச் செருப்பைக் கழற்றினான். திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வேனின் கதவு திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிகளில் காலடி ஏறியது. மேலே போய், எந்த அறை என்று தெரியாமல் நின்றது.

"வலது பக்கம்" என்று கீழிருந்து அவள் குரல் கொடுத்தாள்.