நோலாவின் மூன்று நாள் மௌனம்

கம்ப்யூட்டரின் ஸ்விட்சை அழுத்தினேன். உள்ளே மின்விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது, மூன்று முறை ‘பீப்’ என்றது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது.

“மூணு நாளா இப்படித்தான்,” என்றான் நோலாவின் கணவன் கிளெம், சமையல் மேடையருகே நின்றபடி. “அதுக்கும் வயசாயிடுச்சு, கெரின். விட்டுடலாம்.”

வேறு வீடாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். இந்த வீட்டில் கம்ப்யூட்டர்தான் நோலாவின் வாய். நரம்பு நோய் அவளுடைய கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கண்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. திரையில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பாள். கீழே பொருத்திய கருவி அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்து எழுத்துகளைக் கோக்கும். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் பேசும். அந்தக் குரலும் அவளுடையதேதான். நாக்கு குழறத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து பதிவு செய்தாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வம்பளந்த குரல்.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற என்னைக் கூப்பிட்டது கிளெம் இல்லை. நோலாவின் தங்கை ஏவரில். பக்கத்து ஊர் கடீனாவிலிருந்து போனில் கத்தினாள். “அக்கா மூணு நாளா ஒரு வார்த்தை பேசல. அந்த மனுஷன் பாக்கலாம் பாக்கலாம்னே இழுத்தடிக்கிறான். நண்டு வலை கிழிஞ்சா மட்டும் அன்னிக்கே தைக்கிறான்ல!”

மூன்று பீப் என்றால் மெமரி அட்டையில் கோளாறு. எங்கள் ஊர் வாலரூவின் கடற்காற்றில் அதன் முனை கறுத்துப்போயிருக்கும். ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் போதும், பத்து நிமிட வேலை. ரப்பரை எடுத்து வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றினேன். மெமரி அட்டை இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

தானாகக் கழன்று விழுகிற பொருளில்லை அது. இரண்டு பக்கமும் கொக்கியை நெம்பித்தான் எடுக்க முடியும். நிமிர்ந்தேன். கிளெம் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். நிரம்பி வழிந்தும் குழாயை மூடவில்லை. நோலா சக்கர நாற்காலியில், மூச்சுக் கருவியின் முகமூடிக்கு மேலே, அவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிளெம், இதுல ஒரு அட்டை இருக்கணும். விரல் நீளம், பச்சையா.”

குழாயை மூடினான். “அவ என்ன சொல்றான்னு உனக்குத் தெரியாது.”

“என்ன சொல்றா?”

“தினமும் காலையில இதைப் போட்டதும் அதே பேச்சுதான். ‘முகமூடியைக் கழட்டிடு கிளெம், போதும்.’ அதுவும் அந்தக் குரல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி படகுத்துறையில நின்னு என்னைத் திட்டுவாளே, அதே குரல்ல.” கெட்டிலைக் கீழே வைத்தான். “காதுல விழுந்துட்டா அப்புறம் டாக்டரைக் கூப்பிடணும். விழலன்னா இன்னும் ஒரு நாள் இருப்பா இல்ல?”

“நீ எடுத்தது அவளுக்குத் தெரியுமா?”

“அவ முன்னாடிதான் எடுத்தேன். ஒளிஞ்சு செய்ய மனசு வரல. பாத்துக்கிட்டே இருந்தா.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மூன்று நாள் ஒருத்தியின் வாயைப் பொத்தி வைத்திருக்கிறான். அந்த மூன்று நாளும் அவளுக்குத் தலை வாரியதும், குழாய் வழியே ஆகாரம் கொடுத்ததும், இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைத்ததும் அவனேதான். நான் நோலாவின் முன்னால் மண்டியிட்டேன். மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் வேண்டாம். அந்த வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அது பழக்கம்.

“நோலா, சரி பண்ணட்டுமாடி?”

முதலில் கிளெமைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகு கண்கள் மேலே போயின.

கிளெம் பிஸ்கட் டின்னைத் திறந்தான். கீறல் விழுந்துவிடக் கூடாதென்று அட்டையைத் தன் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தான். என் உள்ளங்கையில் வைத்த பிறகும் அவன் விரல்கள் அதை விடவில்லை. நான் இழுக்கவில்லை. காத்திருந்தேன். விட்டான்.

செருகினேன். கொக்கி இரண்டும் சட்டென்று கவ்விக்கொண்டன. ஸ்விட்சைப் போட்டதும் கறுப்பு கலைந்து நீலமாயிற்று. கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் வரிசைவரிசையாக வந்து நின்றன.

“கிளெம்,” என்றது நோலாவின் குரல். “சட்டையை மாத்து. நாறுது.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. குளிர்பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். நான் கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டேன், தேவைக்கு மேல் மெதுவாக.

திரையில் அடுத்த வாக்கியம் ‘முக’ என்று தொடங்கியிருந்தது. கிளெம் ஒரு நாற்காலியை இழுத்து அவளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். அவளுடைய கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். சிறு வெளிச்சப் புள்ளி ஓர் எழுத்தின்மேல் நின்று, அது பதிந்ததும் அடுத்ததற்கு நகர்ந்தது. அவனுடைய உதடுகள் அவளோடு சேர்ந்து, ஓசையில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தன.