தம்பி செய்த ஆம்ப்

கிடார் சத்தத்தைப் பெருக்க மகள் கட்டிய ஆம்ப்பை மகன் கட்டியதாகச் சொல்லிவிடுவது என்று அப்பா முடிவெடுத்த காலையில், அவள் பின்னறையில் ஸ்பீக்கர் பெட்டியின் மூலைக்குக் கறுப்பு ரெக்சின் ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அந்த அறைதான் அவளுக்கு உலகம். பலகை அறுத்தாள், தகடு துளைத்தாள், பழைய ரேடியோக்களிலிருந்து வால்வு பிடுங்கினாள், ஈயம் உருக்கி ஒயர்களைப் பற்றவைத்தாள். விரல் நுனியெல்லாம் சூடு பட்ட தழும்பு. தம்பி கிடாரோடு வந்து வாசித்துப் பார்ப்பான். சுவிட்சைப் போடத் தெரியும், அணைக்கத் தெரியும். அதற்கு மேல் அவனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. இது கூடத்துல இருக்கட்டும், தம்பி கைவேலைன்னு."

"நான் செஞ்சதுன்னு சொன்னா என்னப்பா?"

"வாழாம வந்தவ செஞ்சதுன்னு தம்பட்டம் அடிக்கச் சொல்றியா? உன்னால தலைகுனிஞ்சது போதும். டீ கொண்டு வா, குடு, உள்ள போ. இதைப் பத்தி வாயைத் திறந்தே, இந்த வீட்டுல உனக்கு இடமில்ல."

"சரிப்பா" என்றாள். அந்தச் சரி அவருக்குப் பிடித்திருந்தது. வளர்ப்பு முழுக்கக் கெட்டுவிடவில்லை.

ஆம்ப்பையும் அதன் கீழே இருந்த ஸ்பீக்கர் பெட்டியையும் அப்பாவும் மகனும் தனித்தனியாகத் தூக்கிக் கூடத்தில் அடுக்கினார்கள்.

"கையில தொழில் இருக்கிறவன் எங்க போனாலும் பொழைச்சுப்பான்" என்றார் சாயங்காலம் வந்த பெண்ணின் தகப்பனார், அதைத் தட்டிப் பார்த்து. "எங்க, வாசிங்க மாப்ள, கேப்போம்."

மகன் சுவிட்சைப் போட்டான். வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. தந்தியை மீட்டினான். ஸ்பீக்கர் பேசவில்லை, மேலே இருந்த ஆம்ப்புக்குள்ளிருந்து கொசு பாடுவதுபோல் மெல்லிய ராகம் வந்தது. அவன் குமிழை முழுக்கத் திருகினான்.

அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்பக்கம் தெரிந்தது. ஸ்பீக்கர் ஒயர் மாட்டப்படாமல் தரையில் கிடந்தது. அதற்காகத்தான் முன்பு ஒருநாள் மகள் தம்பியிடம் கத்தியிருந்தாள். "இதை மாட்டாம வாசிச்சே, உள்ள டிரான்ஸ்பார்மர் வெந்துடும்டா! கம்பி சுத்திச் சுத்தி என் கையே மரத்துப் போச்சு."

ஒயரை மாட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தான் செய்த பெட்டிக்கு ஒயர் மாட்டத் தெரியாதவனா மாப்பிள்ளை என்று கேட்டுவிட்டால்?

மகள் டீத்தட்டோடு வந்தாள். சத்தத்தைக் கேட்டதுமே நின்றுவிட்டாள். ஒயரைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். உதடு பிரிந்தது.

அவர் தலையை அசைத்தார். வேண்டாம்.

"டீ குடும்மா" என்றார். அவளிடம் இத்தனை கனிவாக அவர் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"பெரியவங்க முன்னாடி சத்தத்தை அடக்கி வாசிக்கிறாரு பாரு" என்று பெண்ணின் தகப்பனார் மனைவி பக்கம் திரும்பினார். "இதுக்குப் பேர்தான் வளர்ப்பு."

அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னமோ தீயற மாதிரி இல்ல?" என்றாள் அந்த அம்மாள்.

"புதுசு இல்லியா" என்றார் அப்பா. "அப்படித்தான் இருக்கும்."

மகன் கண்ணை மூடி வாசித்தான். ஆம்ப்புக்குள்ளே நீலப் பொறி ஒன்று தாவித் தாவி ஓடியது. "அட, அழகா இருக்கே!" என்று அந்த அம்மாள் டம்ளரோடு குனிந்தாள். மகள் தட்டை இடுப்போடு அணைத்து, அவளுக்கு மறைக்காதபடி சற்று ஒதுங்கி நின்றாள்.