லாபிர் கடையில் வைத்த ஒப்பம்

லாபிர் மொதலாளி கடையில் ஜீவராணிக்கு இருந்த கடன் அறுபத்து மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அரிசியும் கோதுமை மாவும் பிள்ளைகளுக்குப் பால்மாவுமாக ஏறிய கடன். இத்தாலிக்குப் போன புருசன் துஷாந்த் மூன்று மாதம் காசு அனுப்பினான். அப்புறம் நாலு வருசமாக ஒரு சதம் கிடையாது.

இப்போது அவன் அங்கே இன்னொருத்தியைக் கட்ட வேண்டுமாம். அந்த நாட்டுக் கோர்ட்டில் விவாகரத்துக் கேட்டு, இவள் ஒப்பம் வைக்க ஒரு சத்தியக் கடதாசி அனுப்பியிருந்தான்.

"ஜே.பி. சீல் அடிச்சு கடதாசியை போட்டோ எடுத்து அனுப்பு. கடைக் கடனை அன்னைக்கே கட்டிடுறேன்" என்றான் போனில்.

கொட்டகலையில் அவளுக்குத் தெரிந்த ஜே.பி., அதாவது சத்தியக் கடதாசிக்குச் சீல் அடிக்கிற சமாதான நீதவான், லாபிர் மொதலாளிதான். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே கடைக்கு வந்தாள்.

"மெதுவா வாசிங்க மொதலாளி."

மெதுவாகத்தான் வாசித்தார். கடைதான் சின்னது.

"என் கணவர் மாதந்தோறும் எனக்கும் பிள்ளைகளுக்கும் போதிய பணம் அனுப்பி வந்தார். இனி அவரிடம் எதுவும் கோரமாட்டேன்..."

எண்ணெய்ப் போத்தலோடு நின்ற பக்கத்து லயத்து வீட்டு ராக்காயி திரும்பினாள். "அடி ஆத்தே! மாசா மாசம் வந்துச்சா? அப்ப போன வாரம் என்கிட்ட ஒரு சுண்டு அரிசி கைமாத்து வாங்கினது யாருடி?"

ஜீவராணிக்குக் காது சுட்டது. படங்கு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

லாபிர் கண்ணாடியைக் கழற்றினார். "தங்கச்சி, இது உண்மையான்னு நான் கேக்கணும். ஒப்பம் வச்சா நாளைக்குப் புள்ளைங்களுக்குன்னு கேக்க ஏலாது."

"இது வரைக்கும் கேட்டு வந்துச்சுங்களா?"

"ஹட்டன்ல வேற ஜே.பி. இருக்காங்க. அங்க போனா..."

"பஸ்ஸுக்கு நீங்கதாங்க கடன் தரணும்."

ராக்காயி சிரிக்கவில்லை. போத்தலை வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

"உண்மையா தங்கச்சி?"

"உண்மைதாங்க."

முதியோர் வகுப்பில் பழகிய எழுத்தில் பெயரை எழுதினாள். அவர் சீலை அடித்து, போட்டோ எடுத்து துஷாந்துக்கு அனுப்பினார். சீலுக்குக் காசு வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் சத்தமிட்டது. அவருடைய வங்கிக் கணக்கில் கடன் காசு விழுந்திருந்தது, சதம் குறையாமல்.

லாபிர் கடன் கொப்பியில் அவள் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்.

"தீந்துருச்சு தங்கச்சி" என்றார், தலை நிமிராமல்.