முதலைக்கு வைத்த பல்

நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்லி, இனிப்பைத் தொடாதீர்கள் என்று ஓதுகிற பல் டாக்டர், அன்று மாலை கிளினிக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு சர்க்கரையில் பல் செய்துகொண்டிருந்தார். மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள். காட்டு விலங்கு கேக்தான் வேண்டும், அதிலும் வாயைப் பிளந்த முதலைதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மனைவி கேக்கைச் சுட்டு, முதலையாகச் செதுக்கி, ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவில் பச்சைச் சாயம் பிசைந்து, தகடாகத் தேய்த்துப் போர்த்தி, செதிலும் கீறி முடித்துவிட்டாள். பல் மட்டும் அவளுக்கு வரவில்லை. பல் உங்கள் டிபார்ட்மென்ட் என்று வெள்ளை மாவு உருண்டையைக் கணவன் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

மனுஷர் முதலையின் வாயை எங்கே கண்டார்? அவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் மனித வாய். மெழுகு செதுக்கும் கருவிகளைப் பரப்பிக்கொண்டு, வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் என்று முறைப்படி செய்து, இயற்கையாக இருக்கட்டும் என்று துளி மஞ்சளும் பூசி, இறுகக் காயவைத்தார். வேலை வழுக்கிக்கொண்டு போனது. ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் வாசல் மணி அடிக்கத் தொடங்கிய நேரத்தில், கடைசிப் பல்லையும் ஒட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். முதலை அச்சு அசலாக அவருடைய மாமனாரைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த இடது கோரைப்பல்லால் வந்த வினை. கொஞ்சம் உள்ளே திரும்பிய பல். மாமனார் வாயில் இருப்பது முழுக்க டாக்டர் கட்டிக்கொடுத்த பல் செட். எல்லாம் நேராக இருந்தால் சந்தேகம் வரும் என்று, பழைய கல்யாண போட்டோவைப் பார்த்து அந்த ஒரு பல்லை அவரேதான் கோணலாக வைத்தார். இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். பெண் தானாகத் தேடிக்கொண்ட புருஷன் என்பதால், பெரியவர் அதுவரை இவரை 'அந்தப் பல்லு டாக்டர்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லைக் கட்டி, யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த நாளிலிருந்துதான் 'மாப்பிள்ளை'. ரகசியம் போனால் அந்த மாப்பிள்ளையும் போச்சு. அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான், எனக்கு எல்லாம் சொந்தப் பல்லாக்கும் என்று பெரியவர் பீற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டி வந்தார், பாவம்.

அவசர அவசரமாக முதலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். உங்களுக்கு என்ன பைத்தியமா என்று மனைவி கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினாள். இவர் திருப்ப, அவள் திருப்ப, அதற்குள் மாமனாரும் மாமியாரும் வந்துவிட்டார்கள். பேத்தியை அணைத்தபடி கேக்குக்குப் பக்கத்தில் நின்று, போட்டோவுக்காகப் பெரியவர் வாய் நிறையச் சிரித்தார். பேத்தி அவரைப் பார்த்தாள். முதலையைப் பார்த்தாள்.

"தாத்தா, முதலைக்கும் உங்க பல்லு!"

பெரியவர் மருமகனை ஒரு பார்வை பார்த்தார். டாக்டருக்கு அப்படியே மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கிழவர் லேசுப்பட்டவரா? தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல பல்லுக்கு மாதிரி வேண்டுமென்றால் மாப்பிள்ளை வேறு யார் வாயைப் பார்ப்பார் என்று ஒரு போடு போட்டார். கூட்டம் கைதட்டியது. டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரியவர் அதோடு விட்டாரா? கைதட்டல் தலைக்கேறிவிட்டது. கேக் வெட்டியதும், ஃபாண்டன்ட்டை உருட்டிச் செய்த தடித்த வால் துண்டை எடுத்தார். அது ஒட்டும் மாமா, வேண்டாம் மாமா என்று டாக்டர் பதறினார். சொந்தப் பல்லுக்கு என்ன பயம் என்று பெரியவர் நறுக்கென்று கடித்து இழுத்தார். வால் வெளியே வந்தது. கூடவே மேல்வரிசைப் பல் முழுக்க வந்தது.

பேத்தி மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தாள். மாமியார் எழுந்தார். பதற்றமே இல்லை. கணவன் கையிலிருந்த வாலை வாங்கி, செட்டைப் பிரித்து, குழாயில் பச்சைச் சாயம் போகக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார்.

"பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கிற டம்ளர்ல தினமும் தண்ணி தானா மாறுதுன்னா நினைச்சீங்க?"

பெரியவர் திரும்பி நின்று பல்லைப் பொருத்திக்கொண்டார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, 'பல்லு டாக்டரே' என்ற குரலுக்காகக் காத்திருந்தார்.

"மாப்பிள்ளை."

டாக்டர் நிமிர்ந்தார்.

"இனிமே யாரை ஏமாத்தணும்? அடுத்த செட்ல அந்தக் கோணப் பல்லை நேரா வெச்சிடுங்க."