ராணியை வெட்டாத ஆள்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் தலைமுடிதான் காரணம். ஊரடங்கில் எனக்கு நானே முடி வெட்டிக்கொண்டு, கடைகள் திறந்த முதல் வாரம் வழக்கமான சலூனில் போய் நின்றேன். "என்ன சார், எலி கடிச்ச மாதிரி இருக்கு?" என்று சிரித்த சலூன்காரர், அதைச் சரிசெய்துகொண்டே சொன்னது இது. பாதி அவருடையது. மீதி நான் கட்டிவிட்டது.

2

முதல் வரி: 'பூட்டிய கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் தனிமை அவரை அணுஅணுவாக...' (வேண்டாம். இவர் இப்படி உருகுகிற ஆளில்லை.)

'அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.' இது தேவலை. நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பேசிப் பழகியவர். கடை மூடியதும் பேச்சும் நின்றது. கைப்பேசியில் செஸ் ஆட ஆரம்பித்தார். பேர், ஊர் எதுவும் கேட்காத ஆப். அதுவே ஓர் எதிராளியைக் கோத்துவிடும். ஓர் ஆட்டத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆட்டம் முடிந்தால் அந்த ஆள் போனவர்தான், தேடிப்பிடிக்க வழியில்லை.

3

ஒரு மதியம் ஒரே நகர்வில் ஜெயித்திருக்கலாம். ஜெயித்தால் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். குதிரையை வேறு பக்கம் தள்ளினார். எதிராளி வெகுநேரம் யோசித்துவிட்டு, சும்மா கிடைத்த இவருடைய ராணியை வெட்டாமல் ஒரு சிப்பாயை நகர்த்தினார்.

அன்றிலிருந்து இருவரும் ஜெயிக்காமலிருக்கப் படாதபாடு பட்டார்கள்.*

"பேரு தெரியாத ஆளு கூட என்னடா விளையாட்டு?" என்று போனில் அக்கா கேட்டாள்.

"பேரு தெரிஞ்ச நீங்கல்லாம் 'சாப்டியா'ன்னு கேட்டுட்டு வெச்சிடுறீங்க. இவரு கூடவே உக்காந்திருக்காருக்கா."

[இதற்கு அக்கா சொல்வதாக ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். அவளுக்கும் வலித்திருக்கும்.]

* ஜெயிப்பதைவிட இது கஷ்டம். நானும் ஆடிப் பார்த்தேன்.

4

பிறகுதான் அந்தத் தப்பு. யாருக்கும் ஆபத்து வேண்டாமென்று இருவரும் யானையை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பலகையில் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் ஆட்டம் சமன் என்று ஒரு விதி உண்டு. இருவருக்கும் அது தெரியாது. திரையில் 'சமன்' என்று வந்தது. எதிராளி போய்விட்டார்.

"அழுதுட்டேன் சார்" என்றார், கத்தரியை நிறுத்தாமல்.

(உருகுகிற ஆளில்லை என்று எழுதியவன் நான். இவரைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன்.)

5

அதன்பின் தினமும் புதுப்புது ஆட்களோடு ஆடினார். ஆரம்பத்திலேயே ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் வெட்டில் வைத்தார். எல்லோரும் வெட்டினார்கள். வெட்டாமல் கொஞ்சுவார்களா?

கடை திறப்பதற்கு முந்தின நாள் ஒருவர் வெட்டவில்லை.

'அவரேதான்' என்று ஒரு முடிவு எழுதினேன். இனித்தது, நம்பத்தான் முடியவில்லை. 'கவனிக்காத கத்துக்குட்டி' என்று இன்னொன்று. எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது. 'இவரைப் போலவே யாரையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற வேறொருவர்' என்றால்...

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று அன்றைக்கு நாற்காலியிலிருந்தே கேட்டேன்.

"எப்படித் தெரியும்? ஆட்டம் இன்னும் ஓடிட்டிருக்கு."

கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்த கைப்பேசி மணியடித்தது. எதிராளி தன் ராணியைக் கொண்டுவந்து நம் குதிரையின் வெட்டில் வைத்திருந்தார். சலூன்காரர் கை முழுக்க நுரை.

"சார், நீங்களே எதையாச்சும் நகத்துங்க. ராணிய வெட்டிடாதீங்க. யானையத் தொடவே தொடாதீங்க."

கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டேன். எங்கே நகர்த்தலாம், சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் காத்திருக்கிறார்.