ஐந்து விநாடி முன்னால்

1

அவையில் இருந்தவர்கள்: சபாநாயகர். ஆளுங்கட்சியினர் எழுபத்து நான்கு பேர். எதிர்க்கட்சியினர் எழுபத்து நான்கு பேர். செயலாளர். சுருக்கெழுத்தர் இருவர். பார்வையாளர் மாடத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் [நாட்டு நெருக்கடிக்காக வந்தவர் அல்ல, ஏ.சி.க்காக வந்தவர்].

கதவைப் பூட்டும் பெண் இந்தப் பட்டியலில் இல்லை. கதை அங்கிருந்துதான் வந்தது. சபைக் குறிப்புகளுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ‘கதவுகள் அடைக்கப்பட்டன’ என்று ஒரு வரி அடிக்கடி வரும். யார் அடைத்தார் என்று மேலதிகாரியைக் கேட்டேன். “உனக்குப் பிழை பார்க்கத்தான் சம்பளம்” என்றார். வேலையை விட்டேன். வேறு காரணங்களும் உண்டு. அவை உங்களுக்குத் தேவையில்லை.

2

முதல் தொடக்கம்: ‘நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு’

வேண்டாம். நாடு அன்று காலை பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனது.

இரண்டாம் தொடக்கம்: ‘வரலாறு சில சமயம் ஒரு சிறு சாவியில்’

இதை வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்திருப்பேன்.

மூன்றாவது: வாக்கெடுப்பு என்றால் மணி மூன்று நிமிடம் அடிக்கும். கழிப்பறை, கேன்டீன், தொலைபேசி என்று எங்கே இருந்தாலும் உறுப்பினர்கள் ஓடிவர வேண்டும். மணி நின்றதும் அவள் வெளியிலிருந்து கதவைப் பூட்டுவாள். உள்ளே இருப்பவர் ஏதாவது ஒரு பக்கம் வாக்களித்தே தீரவேண்டும். வெளியே மாட்டியவர் பிரதமராக இருந்தாலும் வாக்கு கிடையாது. ஒரு விநாடி முந்தினாலும் பிந்தினாலும் அவளுக்கு வேலை போய்விடும். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவரின் வேலை ஒரு தும்மலில் போனது. அவள் பதினொரு வருடமாகத் தும்மாமல் இருக்கிறாள்.

இது போதும்.

3

அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம். எழுபத்து நான்குக்கு எழுபத்து நான்கு. சமமாக வந்தால் சபாநாயகர் தீர்மானிப்பார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு உறுப்பினர். அவரை எல்லோரும் ஊஞ்சல் என்பார்கள். கதவுக்காரியின் அண்ணன்.

[அண்ணன் தங்கை என்பது ரொம்ப வசதியாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்று மாற்றிப் பார்த்தேன். அவளால் அவரைத் திட்ட முடியவில்லை. அண்ணனே இருக்கட்டும்.]

மதியம் தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தார்.

“சாப்டியா?”

அவர் இப்படிக் கேட்டால் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று பொருள்.

“என்ன வேணும், அதைச் சொல்லு.”

“அஞ்சு செகண்ட். அஞ்சே அஞ்சு செகண்ட் முன்னாடி கதவைப் பூட்டிடு. நான் மூச்சிரைக்க ஓடி வரேன். தட்டுறேன், கத்துறேன். கேமராக்காரங்க எடுத்துக்கட்டும். ரெண்டு பக்கமும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாது பாரு.”

“அப்ப ஓட்டு?”

“அதான் போட முடியலையே! பாவம், என்னமா ஓடி வந்தான்னு ஊரே சொல்லும்.”

“என் வேலை போயிடும்ண்ணா.”

“வேற வேலை வாங்கித் தரேன்.”

“யார்கிட்ட சொல்லி? நீ எந்தக் கட்சின்னு உனக்கே தெரியாது.”

“அடிப்பாவி! கூடப்பொறந்த பாசம் கொஞ்சமாவது இருக்கா?”

“அம்மா ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டாங்களே, அப்ப எங்க போன?”

“காரை நிறுத்தப் போனேன்.”

“ரெண்டு மணி நேரமா?”

“அன்னைக்கு இடமே கிடைக்கல.”

அந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான். அவளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்த நாளில் அவருக்குக் காய்ச்சல். பழைய வீட்டை இடித்த நாளில் வெளியூர். எல்லாத் தாளிலும் அவள் கையெழுத்துதான். நன்றாக முடிந்தால் கூட்டத்தில் அவர் பேசுவார். கெட்டுப்போனால், “நான் அப்பவே சொன்னேன்.”

அவள் பதில் சொல்லவில்லை. பதில் வராததைத் தனக்குச் சாதகமாக எண்ணிக்கொள்வது அவர் தொழில். முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

4

இங்கே இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், ஐந்து விநாடி முன்னால் பூட்டிவிடுகிறாள். அண்ணன் தொலைக்காட்சியில் தியாகி, தங்கை வீட்டில் சும்மா. வழக்கம் போல. வழக்கம் போல நடப்பதற்கு நான் எதற்கு?

இன்னொன்றில், அவள் ஜனநாயகம் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். கிழித்தேன். “கதவுகிட்ட நிக்காதீங்க” என்பதைவிட நீளமாக அவள் அந்தக் கட்டடத்தில் பேசியதே இல்லை.

5

மணி அடித்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாவி துவாரத்தில் இருந்தது. ஒரு கதவு சாத்தியிருந்தது, மற்றது திறந்திருந்தது.

இரண்டு நிமிடம் நாற்பத்தைந்து விநாடி ஆனபோது தாழ்வாரத்தின் கோடியில் அண்ணன் கிளம்பினார். நன்றாகவே ஓடினார். பின்னாலேயே கேமராக்கள்.

“நிறுத்துங்க! பூட்டாதீங்க! நான் ஓட்டுப் போடணும்!”

பாதி வழியில்தான் கவனித்தார். கதவு திறந்தே இருந்தது. தங்கை அசையவில்லை. அவருடைய ஓட்டம் நடையானது. நடை நின்றது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

“ஐயா, டைம் இருக்கு! ஓடுங்க, ஓடுங்க!” என்று நிருபர்கள் கத்தினார்கள். எல்லாம் நேரலையில் போய்க்கொண்டிருந்தது. நாட்டைக் காக்க ஓடியவர் செருப்போடு எவ்வளவு நேரம் போராட முடியும்? எழுந்து ஓடி, வாசலுக்கு முன்னால் மறுபடி தயங்கினார். பின்னால் வந்த பருமனான கேமராக்காரர் நிற்க முடியாமல் அவர் முதுகில் மோதினார். அண்ணன் தங்கைக்கு நேரே வந்து விழப்பார்த்தார்.

“ஏன்டி பூட்டல?” என்று பல்லைக் கடித்தார்.

“இன்னும் ரெண்டு செகண்ட் இருக்கு.”

“நான் இப்ப என்னடி பண்ணுவேன்?”

“எனக்கென்ன தெரியும்? உள்ள போய் யோசி.”

[அவர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் தாழ்வாரத்தில் நிற்கிறேன். இங்கிருந்து ஒன்றும் கேட்காது. வேண்டுமானால் நீங்கள் அவரோடு போங்கள். சீக்கிரம், ஒரு விநாடிதான் இருக்கிறது.]

அவர் தோளைப் பிடித்து உள்ளே திருப்பிவிட்டாள். மணி நின்றது. அவள் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.